ஓதம் ஏறும் கான்கிரீட் தரை: எப்பாக்ஸியா, பியூவா, பாலிஷா, உடைத்துப் போடுவதா?

பட்டறை, குடோன், சின்ன பேக்கிங் யூனிட் என்று எதைத் தொடங்கினாலும் தரைக்கு எப்பாக்ஸி (இரண்டு பாகம் கலந்து பூசும், இறுகிப் பிளாஸ்டிக் படலமாகும் பிசின்) அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அடித்த மாதம் பளபளவென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அங்கங்கே கொப்புளம் கிளம்பும். வண்டி ஏறி இறங்கும் பாதையில் அந்தக் கொப்புளங்கள் உடைந்து செதில் செதிலாகப் பெயரும். பொருள் விற்றவர் வேலை சரியில்லை என்பார். வேலை செய்தவர் தரை சரியில்லை என்பார். உரிமையாளர் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அதையே அடிப்பார். அடுத்த வருடம் அதே கதை. இரண்டாவது முறை செலவு செய்யப் போகிறவர்களுக்காகவும், முதல் முறைக்கு முன்பே யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியில் பாலித்தீன் ஷீட் இல்லாமல் மண்மேல் நேரடியாகப் போட்ட தரைக்கு, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டும் யோசனையைக் கடைசியில் வையுங்கள். உணவு, மருந்து, ரசாயனம் போன்ற தொழில்களில் படலம் கட்டாயமாகத் தேவைப்படலாம். அப்போதும் ஈரத்தைத் தாங்குவதற்கென்றே செய்த பொருளுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் தரையை மூச்சு விட விடுவதே நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். சிமெண்ட் இறுகத் தேவையானதைவிட அதிகத் தண்ணீரைத்தான் கலவையில் ஊற்றுகிறோம். 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர் போதும் என்ற இடத்தில், கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று 27, 30 லிட்டர் ஊற்றுவது சைட்டில் சகஜம். மிச்சத் தண்ணீர் ஆவியாகி வெளியேற மாதக்கணக்கில் ஆகும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 4 அங்குலத் தரைக்கு, க்யூரிங் (ஈரமாக வைத்து இறுக விடுவது) முடிந்த பிறகு, குறைந்தது நான்கு மாதம். அதுவும் மேலே மழை விழாமல், காற்றோட்டம் இருந்தால்தான். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஈரக்காற்றில் இன்னும் கூடும்.

இது ஒருமுறை வெளியேறிவிட்டால் முடிந்தது. மண்ணிலிருந்து வருவது அப்படி முடியாது. நிலத்தடி நீர் பத்து அடி கீழே இருந்தாலும், தரைக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வேளச்சேரி, பெருங்குடி போலப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடங்களில் கேட்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தண்ணீர் தரைக்கு வெகு அருகிலேயே வந்து நிற்கும்.

“தரை காய்ந்துதானே இருக்கிறது” என்று கேட்பார்கள். பூச்சு இல்லாத தரையில் ஈரம் மேலே வந்து சேரச் சேர ஆவியாகிவிடும். அதனால் மேல்பரப்பு உலர்ந்தே தெரியும். அதன்மேல் எப்பாக்ஸியை ஊற்றிய அன்று, கொதிக்கிற சோற்றுப் பானைக்கு மூடி போட்ட கதைதான். அதுவரை அடியில் இருந்த ஈரம் மெல்ல மேலேறிப் படலத்தின் அடியில் வந்து தங்கும்.

ஆவியின் அழுத்தம்தான் எப்பாக்ஸியைத் தள்ளிப் பெயர்க்கிறது என்று பலரும் விளக்குவார்கள். அந்த விளக்கம் சரியல்ல. 30 டிகிரி வெப்பத்தில் நீராவியின் உச்ச அழுத்தமே சுமார் 4.2 கிலோபாஸ்கல்தான். ஒழுங்காக ஒட்டிய எப்பாக்ஸியைப் பிய்க்க 1,500 கிலோபாஸ்கலாவது வேண்டும். பெயர்க்கும் வேலையைச் செய்வது காரமும் உப்பும். மேலேறும் ஈரம் சிமெண்டில் உள்ள சோடியம், பொட்டாசியம் காரங்களைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் மதிப்பு அதில் 12ஐத் தாண்டும். வினைல் தரையின் பசையை அது கூழாக்கிவிடும். எப்பாக்ஸியின் அடியில் அந்தக் காரக் கரைசல் தேங்கும்போது, செறிவு குறைந்த தண்ணீரைச் சுற்றிலுமிருந்து தன்பக்கம் இழுக்கும். ஊடுபரவல் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். இப்படிச் சேரும் அழுத்தம் ஆவி அழுத்தத்தைப் போலச் சாதாரணமானது இல்லை. கொப்புளம் கிளம்புவது இதனால்தான்.

பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

எந்தத் தீர்வு என்று யோசிப்பதற்கு முன், இருக்கிற பூச்சு ஏன் போனது என்று தெரிய வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி கெட்டியாக ஒட்டியிருந்தால், மேல்பரப்பில் இருந்த சிமெண்ட் பால் படிவை எடுக்காமலே அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே ஈரத்தைக் குறை சொல்ல வேண்டாம், கிரைண்டிங் சரியில்லை. அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக, தொட்டால் ஈரமாக இருந்தால் ஓதம், அதாவது கீழிருந்து ஏறும் ஈரம். உடையாத கொப்புளத்தை ஊசியால் குத்தினால் பிசுபிசுப்பான திரவம் வருகிறதா? பிஹெச் தாளை அதில் நனைத்துப் பாருங்கள். கருநீலத்துக்குப் போனால் மேலே சொன்ன காரக் கரைசலேதான். வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் வந்து காய்ந்து, வந்து காய்ந்து போயிருக்கிறது. காரின் நான்கு டயர் நிற்கும் இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால் ஓதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூடான டயர் பிடித்து இழுத்த பூச்சு அது.

இன்னொரு ஈரம் மேலிருந்து வருவது. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிந்து தரை வியர்க்கும். வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், 27 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர் படியத் தொடங்கிவிடும். ஏசி அறைக்கு வெளியே உள்ள வராந்தா, குளிர்பதன அறையின் வாசல் ஆகிய இடங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதற்கு எந்தத் தரைப்பூச்சும் மருந்தில்லை, காற்றோட்டம்தான் மருந்து. அதே கணக்கு பூச்சு அடிக்கும் நாளுக்கும் பொருந்தும். தரையின் வெப்பம், நீர் படியத் தொடங்கும் அந்தப் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்பாக்ஸி மேல் வெள்ளையாகப் பிசுக்குப் படர்ந்து, அடுத்த கோட் அதன்மேல் ஒட்டாது.

கீழிருந்து வரும் ஈரத்துக்கும் காற்றிலிருந்து படியும் ஈரத்துக்கும் வித்தியாசம் காண ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் துண்டைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீரோ, கான்கிரீட்டில் கருத்த திட்டோ தெரிந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. ஷீட்டின் மேல்புறம் மட்டும் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வந்தது. அடியில் ஒன்றும் இல்லை என்றால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். இந்தச் சோதனை ஓதம் இருப்பதைக் காட்டும். இல்லை என்று உறுதி சொல்லாது.

உறுதி வேண்டுமானால் தரையைத் துளைத்து உள்ளே ஈரப்பதமானி வைக்கும் சோதனைதான். ஏஎஸ்டிஎம் எஃப்2170 (இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தர எண்) என்று கேட்டால் பெரிய பூச்சு நிறுவனங்களின் ஆட்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் காயும் தரையில், கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளைக்க வேண்டும். அதாவது 4 அங்குலத் தரைக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். 24 மணி நேரம் கழித்து அளவெடுப்பார்கள். 40 சதவீத ஆழத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மேலே மூடிய பிறகு உள்ளே இருக்கும் ஈரம் பரவிச் சமமாகும்போது படலத்தின் அடியில் எந்த அளவு வந்து நிற்குமோ, ஏறக்குறைய அந்த அளவை இப்போதே அந்த ஆழத்தில் பார்த்துவிடலாம். சாதாரண எப்பாக்ஸிக்கு அந்த எண் 75, 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். துல்லியமான வரம்பு ஒவ்வொரு டின்னின் தொழில்நுட்பத் தாளிலும் அச்சிட்டிருக்கும்.

எப்போது அளப்பது என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். கோடையில், ஏப்ரலில் அளந்தால் எந்தத் தரையும் ஓரளவு நல்ல எண்ணைக் காட்டும். மார்கழியில், மழை ஓய்ந்து நிலத்தடி நீர் உச்சத்தில் இருக்கும்போது அளந்து பாருங்கள். அதுதான் அந்தத் தரையின் உண்மையான குணம். பூச்சு வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி, நீலகிரி பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அங்கே அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

சுரண்டிவிட்டு அதே எப்பாக்ஸி

இதில் நின்று பேச அதிகம் இல்லை. முதல் மாடி, இரண்டாம் மாடி என்று அடியில் மண் இல்லாத பழைய தளமாக இருந்து, முன்பு அடித்தது கிரைண்டிங் குறையால் போயிருந்தால் தாராளமாக அடிக்கலாம். தரைத்தளத்தில் ஓதத்தால் போயிருந்தால் அது பணத்தை மண்ணில் போடுவது. அதே ஈரம், அதே காரம், அதே பூச்சு. முடிவு மட்டும் எப்படி மாறும்?

ஈரத்தடுப்பு எப்பாக்ஸி

இது சாதாரண பிரைமர் இல்லை. கரைப்பான் கலக்காத, இரண்டு பாகமாக வரும் கெட்டியான எப்பாக்ஸி. தரையின் உள் ஈரப்பதம் 100 சதவீதமாக இருந்தாலும் தாங்கும் என்று சொல்லி விற்கப்படும் வகைகள் உண்டு. இதை முதலில் போட்டு, அதன்மேல் உங்களுக்கு வேண்டிய எப்பாக்ஸியையோ வினைலையோ போடலாம். இருக்கிற தரையை உடைக்காமல், படலமும் வேண்டும் என்பவர்களுக்கு இது உண்மையான வழி. எனக்கும் இதில் மதிப்பு உண்டு.

ஆனால் இது மன்னிக்காத பொருள். எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை விட்டால் அங்கேயே கொப்புளம் கிளம்பும். கான்கிரீட்டில் அடைபட்ட காற்று வெயில் ஏறும்போது விரிந்து வெளியேறி அந்த ஓட்டைகளை உண்டாக்கும். அதனால் தரை சூடேறும் காலை வேளையைத் தவிர்த்து, சூடு இறங்கும் மாலையில் அடிப்பது நல்லது. இரண்டு கோட்டாக, குறுக்கும் நெடுக்குமாக அடிக்க வேண்டும். விரிசல்களை முன்பே அடைக்க வேண்டும். தரையை ஷாட் பிளாஸ்டிங் (சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக அடிப்பது) செய்தோ, டைமண்ட் கிரைண்டர் வைத்தோ உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை ஏற்கவே வேண்டாம். அது உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உள்ளே அனுப்பும்.

எங்கே இது வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் ஊறிய பழைய பட்டறைத் தரையில் ஒட்டாது. தண்ணீரே அழுத்தத்தோடு கசியும் அடித்தளத்தில் நிற்காது. முன்பு சிலிகேட் கெட்டிப்பான் (கான்கிரீட்டுக்குள் ஊறி அதைக் கெட்டியாக்கும் கரைசல், கீழே வருகிறது) போட்டு பாலிஷ் செய்த தரையில் ஆபத்து. உள்ளே வினைபுரியாமல் மிஞ்சிய சிலிகேட் ஒட்டுதலைக் கெடுத்துவிடும் என்பதால் உற்பத்தியாளர்கள் பலர் அத்தகைய தரைக்கு உத்தரவாதமே தருவதில்லை. ஆகவே முதலில் பாலிஷ் போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் எப்பாக்ஸி அடிப்போம் என்ற திட்டம் எதிர்த்திசையில்தான் சுலபமாக நடக்கும்.

செலவு சாதாரண எப்பாக்ஸியைவிட நன்றாகவே கூடும், ஏனென்றால் அதன்மேல் இன்னொரு பூச்சும் வேண்டும்.

பியூ கான்கிரீட்

பாலியூரித்தேன் பிசினும் சிமெண்டும் மணலும் கலந்த 4 முதல் 9 மில்லிமீட்டர் கனத் தரை. பால் பண்ணை, மசாலா அரைக்கும் யூனிட், மீன் பதப்படுத்தும் கூடம், பெரிய சமையல்கூடம் ஆகிய இடங்களில் பார்த்திருப்பீர்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும், சூடும் குளிரும் மாறி மாறி வந்தாலும் கான்கிரீட்டோடு ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்து சுருங்குவதால் பெயராது. ஈரம் இருக்கும் தரையையும் பொறுத்துக்கொள்ளும். கான்கிரீட் போட்டு 7 முதல் 10 நாளிலேயே இதைப் போட அனுமதிக்கும் வகைகள் உண்டு. எப்பாக்ஸியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உரிமம் வரை போகும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிகளில் 4ஆம் அட்டவணை, உணவு தயாரிக்கும் இடத்தின் தரை, சுவர், கூரை நல்ல நிலையில், சுத்தம் செய்ய எளிதாக, பெயிண்டோ பூச்சோ உதிராமல் இருக்க வேண்டும் என்கிறது. வருடா வருடம் எப்பாக்ஸி செதிலாகப் பெயரும் தரையோடு அந்த விதிக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. சாப்பிடுகிற பொருளில் பிளாஸ்டிக் செதில் விழுவது யாருக்கும் ஏற்புடையதல்ல. ஈரமான தரைத்தளத்தில் உணவு யூனிட் என்றால் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான், விலை கூடினாலும் சரி.

குறைகள் இருக்கின்றன. பளபளப்பு இருக்காது, மங்கலாகத்தான் இருக்கும். வெயில் படும் இடத்தில் மஞ்சளாகும். கலந்த பிறகு கால் மணி நேரம் போல்தான் கையில் இருக்கும், சித்திரை வெயிலில் அதுவும் இல்லை. பழகிய கும்பல் போட்டால்தான் சரியாக வரும். சுவரோரம், வடிகால் ஓரம், கதவு வாசல் ஆகிய இடங்களில் கான்கிரீட்டில் பள்ளம் வெட்டி அதற்குள் பொருளை இறக்கிப் பிடிமானம் கொடுக்க வேண்டும். இறுகும்போது சுருங்கும் பொருள் ஓரத்தில்தான் முதலில் கிளம்பும். அந்தப் பள்ளத்தை வெட்டாமல் வேலையைத் தொடங்குகிறவரை அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

கெட்டிப்பானும் பாலிஷும்

படலமே இல்லாத வழி இது. தரையை டைமண்ட் கற்களால் படிப்படியாகத் தேய்த்து, நடுவில் சோடியம் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஊற வைப்பார்கள். அது சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்ட் இறுகும்போது உருவாகும் அதே வகைப் பசையை நுண்துளைகளில் உண்டாக்கும். தரை கெட்டியாகும், புழுதி கிளம்பாது, தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பும் வரும். முக்கியமான விஷயம், ஆவி வெளியேறும் வழி திறந்தே இருக்கும். பெயர்வதற்கு மேலே ஒன்றும் இல்லை.

துணி குடோன், எஞ்சினியரிங் பட்டறை, பிரிண்டிங் பிரஸ், ஹார்டுவேர் கடை, ஷோரூம் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. எப்பாக்ஸி என்றால் நவீனம், வெறும் கான்கிரீட் என்றால் ஏழைத் தரை என்ற எண்ணம்தான் பலரைத் தடுக்கிறது. நம் வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இரண்டு தலைமுறை தாண்டியும் மினுமினுப்பாகக் கிடக்கிறதே, அதன்மேல் யாரும் பிளாஸ்டிக் ஒட்டவில்லை.

இதற்கும் வரம்பு உண்டு. தரை வழியே வரும் ஈரம் அறைக்குள்தான் வரும். துணி மூட்டை, காகித ரீல், மாவு மூட்டை ஆகியவற்றை நேராகத் தரையில் அடுக்கினால் அடி மூட்டை பூசணம் பிடிக்கும். கட்டாயம் பேலட் போட்டுத்தான் வைக்க வேண்டும், காற்று போய் வர ஜன்னல் வேண்டும். அடுத்து, அமிலம் பட்டால் கறை மட்டுமல்ல, மேல்பரப்பே அரிக்கும். எலுமிச்சை, புளி, பேட்டரி அமிலம் எல்லாமே அதில் அடக்கம். எண்ணெயும் ஊறும், ஊடுருவி உள்ளே தங்கும் எண்ணெய்த் தடுப்புப் பூச்சு ஓரளவு நேரம் வாங்கித் தரும், சிந்தியதைச் சீக்கிரம் துடைக்க வேண்டும் என்பது மாறாது. உப்பு அதிகம் உள்ள மண்ணில் தரையின் மேல் வெள்ளை பூக்கலாம், லித்தியம் வகையில் அது குறைவு. கான்கிரீட்டே வலுவில்லாததாக, மண்ணாங்கட்டி போல் உதிர்வதாக இருந்தால் பாலிஷும் அதைக் காப்பாற்றாது.

உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது

கேட்கும்போதே பயமாக இருக்கும். ஆனாலும் தரை ஏற்கெனவே விரிசல் விட்டு, தாழ்ந்து கிடக்கிறது என்றால், அல்லது புதிய கட்டடம் என்றால், இதை மிஞ்சிய வழி கிடையாது. ஈரத்தை அது கிளம்பும் இடத்திலேயே நிறுத்துவது இது ஒன்றுதான்.

மண்ணைக் கெட்டிப்படுத்தி, பொடி கலக்காத ஜல்லியை 4 அங்குலம் பரப்ப வேண்டும். மண்ணில் ஊறி ஏறும் நீர் பெரிய இடைவெளியைத் தாண்டி ஏற முடியாது. ஜல்லியின் கூர்முனை ஷீட்டைக் கிழிக்காமல் இருக்க மேலே மெல்லிய சமன்படுத்தும் அடுக்கு, அதன்மேல் பாலித்தீன் ஷீட். குறைந்தது 250 மைக்ரான், கடைக்காரர் கணக்கில் 1000 கேஜ். 400 மைக்ரானுக்குப் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது, கம்பி கட்டுகிறவர்களின் காலுக்கு அதுதான் தாங்கும். இணைப்பில் அரை அடி மேலேறி டேப் ஒட்ட வேண்டும். பைப் வரும் இடத்தில் வெட்டிவிட்டு அப்படியே விடக் கூடாது, சுற்றி அடைக்க வேண்டும். சுவரோரம் மேலே மடித்து டிபிசி (சுவரில் ஈரம் ஏறாமல் போடும் தடுப்பு அடுக்கு) மட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

ஷீட்டின்மேல் மணல் பரப்புவது நம் மேஸ்திரிகளிடம் உள்ள பழக்கம். தரையில் படலம் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதை விடவே விடாதீர்கள். க்யூரிங் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அந்த மணலில் இறங்கித் தேங்கி, ஷீட்டுக்கு மேலேயே ஒரு குளம் உண்டாகி, அது வருடக்கணக்கில் மேலே ஏறிக்கொண்டிருக்கும். கான்கிரீட் ஷீட்டின்மேல் நேராக உட்கார வேண்டும். அப்படிப் போடும்போது தண்ணீர் மேல்பக்கமாக மட்டுமே காய்வதால் ஓரங்கள் மேலே வளையும் வாய்ப்பு உண்டு. அதற்கு மருந்து கலவையில் தண்ணீரைக் குறைப்பதும், க்யூரிங்கைக் கவனமாகச் செய்வதும்தான்.

கலவையில் சேர்க்கும் வாட்டர்புரூஃபிங் திரவம், மேலே தடவும் கிரிஸ்டலைன் பவுடர் ஆகியவை ஷீட்டுக்கு மாற்று என்று சொல்வதை நம்ப வேண்டாம். தண்ணீர் கசிவை அவை குறைக்கும். ஆவியை நிறுத்தும் வேலை அவற்றுடையது இல்லை.

வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் ஒரு வார்த்தை

வீட்டுத் தரைத்தளத்தில் ஓதம் என்றால் வினைல் ரோலும் மரத்தரையும் வேண்டாம், இரண்டும் முதலில் கெடும் வகை. சிமெண்ட் கலவையில் பதிக்கும் கோட்டா கல், கடப்பா கல், ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் காரத்துக்கு அஞ்சாதவை. ஆத்தங்குடிக் கல்லுக்கு ஈரத்தை மேலே விட்டுவிடும் குணமும் உண்டு. அதன்மேல் பளபளப்புக்காக லாக்கர் மாதிரி ஏதாவது அடித்து அந்தக் குணத்தைக் கெடுத்துவிடாதீர்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டால் ஈரம் இணைப்புகள் வழியே வரும், அங்கே வெள்ளை பூக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், ஆனால் பெயராது.

எதைத் தேர்ந்தாலும் கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். ஷீட் கூரையிலிருந்து மழைநீர் சுவரோரமே கொட்டுகிறதா? வெளித்தரை உள்தரையைவிட உயரமா? சம்பின் ஓவர்ஃபுளோ சுவர் பக்கம் ஓடுகிறதா? ஒரு மழைநீர்க் குழாயைத் திருப்பிவிட்டு, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவான கான்கிரீட் ஏப்ரன் போட்டாலே உள்ளே ஓதம் பாதி அடங்கும் இடங்கள் நிறைய. இதற்கு ஆகும் செலவு மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் குறைவு, அதனால் முதலில் இதைச் செய்துவிட்டு, அடுத்த மார்கழியில் மறுபடி அளந்த பிறகு மற்றதை முடிவு செய்யலாம்.

அப்புறம், இரண்டு பேரின் விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது சதுர அடி விலையை மட்டும் பார்க்க வேண்டாம். தரையின் ஈரப்பதம் எவ்வளவு என்று யார் அளந்தார், என்ன எண் வந்தது, தரையை எப்படித் தயார் செய்வார்கள், படலம் எத்தனை மில்லிமீட்டர், இவை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த விலை சொல்கிறவர் பெரும்பாலும் கனத்தில்தான் குறைக்கிறார். அதைக் கண்டுபிடிப்பது எளிது. 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். கரைப்பான் இல்லாத எப்பாக்ஸியை 0.4 மில்லிமீட்டர் கனத்துக்குப் போட 37 லிட்டர் பொருள் தேவை, சேதாரம் தனி. வேலை தொடங்கும் அன்று காலையில் டின்களை எண்ணிக் கூட்டிப் பாருங்கள். 20 லிட்டர்தான் வந்து இறங்கியிருக்கிறது என்றால் உங்களுக்குக் கிடைக்கப்போவது பேசிய கனத்தில் பாதிதான். கலக்க ஆரம்பிப்பதற்கு முன்பே வேலையை நிறுத்திவிட்டு மீதி டின்களைக் கேளுங்கள்.